கடுகளவு ஐஸ்

அத்தியாயம் 14

போன வாரம் அந்தக் குடும்பத்தை ஆஸ்பத்திரி கேன்டீன் வாசலில் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று உங்களில் பலருக்குக் கோபம். நியாயம்தான், வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இன்றைக்குச் சொல்லப்போவதைக் கேட்ட பிறகு இன்னும் நாலு திட்டுச் சேர்த்துத் திட்டுவீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சின்னவனுக்குக் கல்லீரல் செத்துக்கொண்டிருக்கிறது. வாழ்நாளில் ஒரு பீர் பாட்டிலின் மூடியைக்கூட முகர்ந்து பார்க்காதவன். லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கியவன். அவனுடைய உடம்பின் காவல் படையே திரும்பி நின்று அவன் கல்லீரலைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. "குடிப்பாரோ?" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கேட்டுக் கேட்டு, அவன் பொண்டாட்டி இப்போது முந்திக்கொண்டு, "வாங்க, அவர் குடிக்க மாட்டார், உக்காருங்க" என்றுதான் வரவேற்கிறாள்.

மாற்றுக் கல்லீரலுக்கு எல்லோரும் முயன்றுவிட்டார்கள். பொண்டாட்டிக்கு ரத்த வகை சேரவில்லை. அப்பாவுக்கு வயது சேரவில்லை. அக்காவுக்கு, அதாவது நம் பெரியவளுக்கு, எப்போதோ வந்த மஞ்சள் காமாலையின் கிருமி ரத்தத்தில் இன்னும் குடியிருக்கிறது. இறந்தவர்கள் கொடுக்கும் உறுப்புக்கான வரிசையோ நகர்வேனா என்கிறது.

மிச்சம் இருந்த ஒரே வழி, பெரியவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே நோயாளியின் கொழுப்பிலிருந்து குருத்தணுக்களை எடுத்து வளர்க்கிறார்கள். ஸ்டெம் செல் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைச் சும்மா செலுத்தினால் கொதித்துக்கொண்டிருக்கும் கல்லீரலுக்குள் போன வேகத்தில் செத்துப்போகிறது. அதனால் அதற்குள் ஒரு மரபணுவைச் சேர்த்து அனுப்புவதாகச் சோதனை.

இதைப் பெரியவளுடன் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் அப்பாவுக்கு விளக்கினான். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு 'ரேடியோ' என்றே பெயர்.

"தீப்பிடிச்ச வீட்டுக்குள்ள ஒரு ஆள அனுப்பறோம்னு வைங்க. சும்மா அனுப்பினா கருகிடுவான். ஈரக் கம்பளிய போத்தி அனுப்பினா உள்ள போயி தீய அணைப்பான். அந்தக் கம்பளிதான் இந்த மரபணு."

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அந்தக் கம்பளிய முன்னாடியே எல்லாருக்கும் போத்தியிருக்கலாமே?"

"இப்பதான் நெய்யறாங்கப்பா. யாருக்குச் சேருது, யாருக்குச் சேரலைன்னு இன்னும் தெரியாது."

அப்படி நெய்து முடித்து, சின்னவனின் அணுக்கள் இரண்டு சின்னப் பைகளில் உறைந்து நைட்ரஜன் டேங்குக்குள் கிடந்தன. முதல் பையை இன்றைக்கு ஏற்ற வேண்டும். இரண்டாவது பை அடுத்த மாதத்துக்கு.

இன்றைக்கு ஏற்றியே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கல்லீரல் வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் நஞ்சு ஏறும். நஞ்சு ஏறினால் புத்தி மழுங்கும். புத்தி மழுங்கியவருக்கு இந்தச் சிகிச்சை கிடையாது, அது சோதனையின் கண்டிப்பான விதி. அந்த நிலைக்குப் போன உடம்பு தாங்காது என்பது ஒன்று. 'சரி, செய்யுங்கள்' என்று தெளிந்த மனதோடு அவனேதான் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று.

காலையில் டாக்டர் வந்து அவன் கட்டிலருகே நின்றார்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க. டிராஃபிக் போலீஸ் வண்டிய நிறுத்தற மாதிரி."

சின்னவன் நீட்டினான். கை லேசாக ஆடியது. பறவை இறக்கையைத் தட்டுவதுபோல் ஆடினால் நஞ்சு தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். இது அந்த அளவுக்கு இல்லை.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக் சார். ஆனா இப்ப நீங்க குடுக்கற சிரப்புக்கு அப்புறம் என் லிஃப்ட் ஒரே ஒரு இடத்துலதான் நிக்குது. பாத்ரூம்ல."

டாக்டரே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"இன்னிக்குத் தெளிவா இருக்கார். நாளைக்கு இருப்பார்னு என்னால சொல்ல முடியாது. மத்தியானத்துக்குள்ள பைய அனுப்பச் சொல்லுங்க" என்று பெரியவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பையை உருக்க இன்றைக்கு ரேடியோவின் முறை. சொந்தக்காரர் பையைத் தொடுவதில்லை என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சட்டமில்லை, வழக்கம்தான். ஆனால் சின்னவன் பொண்டாட்டி பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அந்தப் பையன் பண்ண வேண்டாம். நீங்களே பண்ணுங்க. உங்க கை பட்டா பட்ட மரமும் துளிர்க்கும்னு இவர் சொல்லிட்டே இருப்பார். முதன்முதல்ல ஸ்பானர் வாங்கிக் குடுத்ததே நீங்கதானாமே? உங்க கைராசிதான் அவருக்கு இத்தன வருஷமா சோறு போட்டிருக்கு."

"கைராசில்லாம் ஒண்ணும் இல்லம்மா. அளந்து, பார்த்துப் பண்ற வேலை அது. யார் பண்ணினாலும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா நீங்க பண்றதுக்கு என்ன?"

இதற்கு யார் பதில் சொல்வது? மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்கு நின்று, நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசிச் சாணை பிடித்த வாய் அது. உண்மையைச் சொன்னால், பெரியவளுக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரி விட்டதும், காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டதும் அவள்தான். அவன் உயிர் அந்தப் பையில் இருக்கும்போது அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆய்வுக்கூடத் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் கேட்டார், "கை நடுங்காதே?"

"என் கையா மேடம்?" என்றாள் பெரியவள்.

மேடத்துக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு பைகூட அவள் கையில் கெட்டதில்லை. அதுவே எல்லோர் கண்ணையும் மறைத்துவிட்டது.

*

உருக்கும் வேலையைப் பற்றி நீங்கள் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். உறைய வைக்கும்போது அணுக்கள் உடையாமலிருக்க ஒரு திரவத்தைச் சேர்க்கிறார்கள். குளிரில் அது காவல். சூட்டில் அதுவே விஷம். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் பையை ஆட்டி ஆட்டி உருக்குகிறவர், முழுக்க உருகும்வரை காத்திருக்கக் கூடாது. கடுகளவு ஐஸ் மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, அந்தத் திரவத்தை நீர்த்துப்போகச் செய்துவிட வேண்டும். இதில் அவசரம்தான் கருணை.

பெரியவள் இந்த வேலையைத் தூக்கத்தில்கூடச் செய்வாள். ஊரார் பைகளை அவள் ஆட்டும்போது, கேன்டீனில் டீ ஆற்றுகிறவரின் அலட்சியம் அவள் மணிக்கட்டில் இருக்கும். கண் ஐஸ் மேல், வாய் ரேடியோவுடன் வம்பளப்பில். சரியான நொடியில் கை தானாக எழும்பிவிடும்.

இன்றைக்கு ரேடியோ வம்பளக்கவில்லை. அங்கே எதையும் தனியாகச் செய்யக் கூடாது. ஒருவர் செய்ய, இன்னொருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டேங்கைத் திறந்ததும் வெண்புகை தரையில் வழிந்தது. பையை எடுத்து எண்ணைச் சரிபார்த்துத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

உள்ளங்கையில் அடங்குகிற பை. அவ்வளவுதான் அவன்.

மெல்ல ஆட்டினாள். ஓரங்கள் உருகின. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மிதந்தது. இதில் எத்தனை லட்சம் அணுக்கள்! ஒவ்வொன்றும் அவன் உடம்பில் இருந்து வந்தது, ஒவ்வொன்றும் திரும்ப அவனிடமே போகப்போகிறது. பயப்படாம போங்க, என்று மனசுக்குள் சொன்னாள். நல்லா உருகிப் போங்க. குளிரோட போகாதீங்க. அவன் சின்ன வயசுல குளிரே தாங்க மாட்டான்.

"எடுக்கலாம்" என்றான் ரேடியோ.

கட்டி கடுகாகியிருந்தது. அவள் கண் பார்த்தது. கை எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், அந்தக் கடுகும் கரையட்டும், ஒரு துளிக் குளிர்கூட அவன் ரத்தத்துக்குள் போக வேண்டாம் என்று என்னவோ ஒரு பித்து. பையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துடலாம்க்கா" என்றான் மறுபடியும், குரலைத் தாழ்த்தி.

மூன்றாம் தடவை அவன் கத்தியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பான். கண்ணில் நீர் தளும்ப நிற்கிறவளிடம் எப்படிக் கத்துவது? நாள் முழுக்க ஓயாத வாய், வேண்டிய நேரத்தில் மரியாதை பார்த்துச் சும்மா இருந்துவிட்டது. மேடம் வேறு அறையில் போனில் இருந்தார்.

ஐஸ் கரைந்தே போய், தண்ணீரின் சூடு பைக்கு முழுசாக ஏறிய பிறகுதான் பெரியவளுக்குச் சுரணை வந்தது. சட்டென்று எடுத்தாள். அதன்பின் எல்லாவற்றையும் மின்னலாகச் செய்தாள். வெள்ளம் வந்த பிறகு போட்ட அணை.

உருக்கியவர் எண்ணக் கூடாது, அது விதி. ரேடியோ ஒரு துளியை எடுத்து நீலச் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தான். செத்த அணு நீலத்தைக் குடித்துவிடும். உயிருள்ளது குடிக்காது, பளிச்சென்று முத்தாக நிற்கும். நூற்றுக்கு எழுபது அணுக்களாவது உயிரோடு இருந்தால்தான் பை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போகலாம்.

அவன் எண்ணினான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். பிறகு இன்னொரு துளி எடுத்தான்.

"சொல்லு" என்றாள்.

"நீங்களே பாருங்கக்கா."

விதியை மறந்து குனிந்து பார்த்தாள். நீலம். ஒரே நீலம். முத்துக்கள் இருந்தன, இல்லாமலில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே, இங்கேயும் அங்கேயும், நீலம்.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அக்கா, கேளுங்க" என்று ரேடியோ கிசுகிசுத்தான். "கோட்டுக்குக் கொஞ்சம்தான் கீழ இருக்கு. இந்த வெளிர் நீலமா இருக்கறத எல்லாம் உயிரோட இருக்கறதா எழுதிட்டா தாண்டிடும். நான்தானே எண்றேன்? நான் எழுதறேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

நல்ல பையன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் ஆசை வந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே வந்தது. பாதிக்கு மேல் அணுக்கள் உயிரோடு இருக்கின்றனவே, அவை போய் ஏதாவது செய்யாதா? ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் இல்லையா?

ஆனால் செத்த அணுக்கள் ரத்தத்துக்குள் போனால் என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். நுரையீரலில் போய் அடைக்கும். அதையும் மீறிப் போனால், ஏற்கெனவே வெறிபிடித்து நிற்கும் அவன் காவல் படையை இன்னும் கிளறிவிடும். முன்பின் தெரியாத ஒருவரின் பையாக இருந்தால் இரண்டாம் பேச்சில்லாமல் குப்பையில் போட்டிருப்பாள். தன் தம்பிக்கு மட்டும் அதையே ஏற்றச் சொல்வதா?

"வேண்டாம்" என்றாள். "இருக்கறத எழுது."

"அக்கா..."

"எழுதுடா. மேடத்தக் கூப்பிடு."

மேடம் வந்தார், பார்த்தார், ரேடியோவின் முகத்தையும் பார்த்தார். யாரும் எதுவும் விளக்கத் தேவைப்படவில்லை. "ரெண்டாவது பை இருக்கு" என்றார் கடைசியில். "டாக்டர்கிட்ட நான் பேசறேன். அடுத்த மாசப் பைய முன்கூட்டியே எடுக்க அனுமதி வாங்கணும், காலைலதான் உருக்க முடியும். நீ உருக்க வேண்டாம்."

பெரியவள் தலையசைத்தாள். அந்தப் பையை மஞ்சள் குப்பைத் தொட்டியில் போட்டது அவள்தான். அதையும் வேறு யாராவது செய்யட்டும் என்று மேடம் சொல்லிப் பார்த்தார், அவள் கொடுக்கவில்லை.

*

வார்டுக்கு வெளியே நீள பெஞ்சில் அப்பாவும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் வலது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. பதற்றம் வந்தால் இல்லாத பிரேக்கை மிதிப்பது அவர் வழக்கம்.

பெரியவளைக் கண்டதும் மருமகள் எழுந்து ஓடி வந்தாள்.

"வந்துடுச்சா அண்ணி? ஏன் கையில ஒண்ணும் காணோம்? நர்ஸ்கிட்ட குடுத்துட்டீங்களா?"

வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள் பெரியவள். ஒன்றுகூட நிற்கவில்லை.

"பை கெட்டுப்போச்சும்மா."

"கெட்டுப்போச்சுன்னா?"

"அதுல இருந்ததுல நிறைய செத்துப்போச்சு. ஏத்த முடியாது. நான்தான். எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்காம வச்சிருந்துட்டேன். வேற யார் மேலயும் தப்பு இல்ல."

"நீங்க எப்படி அண்ணி?" என்றாள் மருமகள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பண்ணிக் குடுத்தீங்களே. யாருக்கும் ஆகலையே."

"ஊர்ல இருக்கறவங்க பைய நான் இப்படிப் பிடிச்சுக்கல."

அப்பாவின் கால் நின்றுவிட்டது. "இன்னொண்ணு இருக்குன்னு சொன்னாங்களேம்மா?" என்றார், மகளைப் பார்க்காமல்.

"இருக்குப்பா. காலைல. அதுவரைக்கும் அவன் தெளிவா இருக்கணும்."

மருமகள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள், கத்துவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று பெரியவள் காத்திருந்தாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான்தானே கைராசி, கைராசின்னு உங்க உயிர எடுத்தேன்" என்றாள் அவள். "அந்தப் பையன் பண்ணியிருந்தா இந்நேரம் ஏறியிருக்கும்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அடுத்தத நீங்க தொடக் கூடாது அண்ணி. கோவத்துல சொல்லல. தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

"சத்தியமா?"

"உன் புருஷன் மேல சத்தியம்" என்று சொல்ல வாயெடுத்தவள், அதைச் சொல்லத் தனக்கு இனி என்ன யோக்கியதை என்று விழுங்கிக்கொண்டு, "சத்தியமா" என்று மட்டும் சொன்னாள்.

*

சின்னவன் தூங்கி எழுந்திருந்தான். இப்போதெல்லாம் பகலில்தான் தூக்கம். எழுந்தால் சற்று நேரம் எங்கே இருக்கிறோம் என்று தேடுவான். மூன்று பேரும் உள்ளே வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏத்தியாச்சா? தூங்கிட்டேன்போல."

கையில் வேறு மருந்துக்காகப் போட்ட குழாய் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் கேட்டான். பெரியவள் வாய் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

"ஆச்சுங்க. எல்லாம் நல்லபடியா ஆச்சு."

ஏன் சொன்னாள் என்று கேட்காதீர்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல உங்களால் முடியுமா? ஒரு ராத்திரி நிம்மதியாகப் படுக்கட்டும், காலையில் இரண்டாவது பையை ஏற்றும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. பெரியவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள், காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று. பெரியவள் பேசாமலிருந்தாள். மறுத்துச் சொல்ல அன்றைக்கு அவளுக்கு ஏது வாய்?

"நினைச்சேன்" என்றான் சின்னவன். "எழுந்ததும் வயித்துல ஒரு கதகதப்பு. என்னடா இது புதுசா இருக்கேன்னு பார்த்தேன்." மெல்ல நிமிர்ந்து உட்காரப் பார்த்தான், அப்பா தாங்கிப் பிடித்தார். "அப்பா, பசிக்குதுப்பா."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. ஒரு வாய் கஞ்சிக்குக்கூட ஓங்கரித்தவன். மருமகள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன வேணும்டா? சொல்லு, வாங்கிட்டு வர்றேன்" என்றார் அப்பா. சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வாசலுக்கு நகர்ந்தார்.

"ரொட்டி. வெறும் ரொட்டி போதும். அக்கா, நீ ஏன் அங்க நிக்கற? இப்படி வா. எத்தன வருஷமா வேலை வேலைன்னு அந்தக் கட்டடத்துக்குள்ள கிடந்த, கடைசில எனக்கே வந்து உதவிச்சு பார்த்தியா?"

அவள் கட்டிலின் ஓரத்தில் வந்து நின்றாள். அவன் கையைத் தொடத் தைரியம் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுதால் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், அந்த நேரம் பூமி பிளந்து விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பாள்.

டாக்டர் உள்ளே வந்தார், பின்னாலேயே நர்ஸ். மேடம் அவரிடம் பேசியிருக்க வேண்டும், பெரியவளைப் பார்த்து வருத்தமாகத் தலையசைத்தார். காலையில் இரண்டாவது பையை ஏற்றலாமா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

"கையை நீட்டுங்க."

நீட்டினான். காலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆடியது.

"இன்னிக்கு உங்களுக்கு என்னல்லாம் நடந்துச்சு? ஞாபகம் இருக்கறத சொல்லுங்க."

எந்த நோயாளியிடமும் கேட்கிற சாதாரணக் கேள்விதான். புத்தி எங்கே நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். சின்னவன் உற்சாகமாகப் பதில் சொன்னான்.

"செல் ஏத்தினாங்க டாக்டர். எங்க அக்காதான் ரெடி பண்ணினா. அதுக்கப்புறம் நல்லா இருக்கு. உள்ள ஏதோ வேலை நடக்கறது தெரியுது. பசிக்குதுன்னா பார்த்துக்கங்களேன்."

டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. குனிந்து நர்ஸிடம் மெதுவாகச் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நடக்காதது நடந்ததா சொல்றார். குழப்பம் ஆரம்பிச்சாச்சு. காலைல பைய உருக்க வேண்டாம்னு சொல்லிடுங்க."

மருமகளின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் சொன்ன பொய்யைத்தான் அவன் நம்பித் திருப்பிச் சொன்னான், அந்தப் பொய்யே இப்போது அவன் கழுத்தில் கயிறாகிவிட்டது. அப்பா மருமகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவன் காதிலும் விழும்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றாள் பெரியவள். "அவன் குழம்பல. ஏத்தியாச்சுன்னு நாங்கதான் அவன்கிட்ட பொய் சொன்னோம். அவனுக்குத் தெரியாது."

டாக்டர் எழுதப்போன பேனாவை நிறுத்தினார்.

"என்ன பொய்?" என்றான் சின்னவன்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? "ஏத்தலடா. பை கெட்டுப்போச்சு. என் கையாலதான் கெட்டுச்சு. இன்னொண்ணு இருக்கு, காலைல..."

அவன் பொண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலைகுனிந்து தேம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் ரொட்டி வாங்கப் புறப்பட்டு நின்ற அப்பாவைப் பார்த்தான். தன் வயிற்றின் மேல் மெதுவாகக் கையை வைத்துக்கொண்டான்.

"அப்ப எனக்கு ஏன் பசிச்சுது?" என்று கேட்டான்.

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். சின்னவன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மெல்லத் தலையணையில் சாய்ந்தான். அந்தப் பசி இருந்த சுவடே தெரியாமல் அவன் முகம் வாடிப்போனது.

டாக்டர் அவன் பக்கம் குனிந்தார். "சரி, நான் மறுபடி கேக்கறேன். உங்களுக்கு விளங்குதா? இப்ப சொல்றத வச்சுத்தான் காலைல முடிவு பண்ணணும். இது எந்த இடம்?"

"ஆஸ்பத்திரி."

"என்ன கிழமை?"

நேரமெடுத்தான். "புதன். இல்ல... வியாழன்."

வியாழன்தான். அப்பா மூச்சுவிட்டார்.

"இவங்க யாரு?"

"என் பொண்டாட்டி."

"இவங்க?"

டாக்டரின் பேனா பெரியவளைக் காட்டியது. சின்னவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"தெரியாது" என்றான்.

"நல்லா பார்த்துச் சொல்லுங்க."

"தெரியாதுங்கறேனே."

அவள் கம்பியை விட்டுவிட்டு அவன் கண்ணுக்குள் பார்த்தாள். மஞ்சள் பாரித்த அந்தக் கண்ணில் இருந்தது கோபமா, புத்திக் குழப்பமா என்று அவளுக்குச் சத்தியமாகப் புரியவில்லை. குழப்பமென்றால் காலையில் பை கிடையாது, அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. கோபமென்றால் இன்னும் வழி இருக்கிறது.

கடவுளே, இவன் என்னை வெறுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.